தொப்பிக்குத் தெரியாதது

கமலவேணிக்குக் கோபம் வந்தால் காஜா பேராங்கில் தகரக் கூரைகளின்மேல் உட்கார்ந்திருக்கும் காகங்கள் எழுந்து செமாபோக் பக்கம் போய்விடும். மறுநாள் காலையில்தான் திரும்பி வரும். அதுவும் ஒன்றை முன்னால் அனுப்பி, அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்ட பிறகு. அவள் கணவன் தேவதாஸ் நகராண்மைக் கழகத்தில் லாரி ஓட்டியவன், காகங்களைவிட விவரமானவன். அவளுடைய மூக்கு நுனி சிவக்க ஆரம்பித்ததுமே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். நாற்காலி எதற்கு என்று யாராவது கேட்டால், "வீட்டுக்குள்ள அதுக்குப் பாதுகாப்பு இல்ல" என்பான்.

அந்தக் கோபத்துக்கு ஐம்பத்தாறாம் வருடம் ஒரு வேலை கிடைத்தது.

அவள் வேலை செய்த ரப்பர் கிடங்கு காஜா பேராங் சடக்கில், அந்தச் சாலையின் கோடியில் இருந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். பெயர்ப் பலகையே துருப்பிடித்து விழுந்து பல காலமாகிறது. தோட்டங்களில் புகை போட்ட ரப்பர் ஷீட்டுகள் அங்கே லாரியில் வந்து இறங்கும். ஐம்பத்திரண்டு பெண்கள் ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அழுக்கும் கொப்புளமும் உள்ள இடத்தைக் கத்தரியால் வெட்டிப் போட்டுவிட்டு, தரம் பிரித்து அடுக்க வேண்டும். காலை ஏழு முதல் மாலை நாலு வரை, நின்றபடியே. அந்தக் கிடங்கில் உட்கார உரிமை பெற்ற உயிர்கள் மூன்று: துரை, கணக்கெழுதும் கெராணி சேதுராமன், எலி பிடிக்க வைத்திருந்த பூனை.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. ஒரு பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தால் நாள் கூலிப் பட்டியலில் அவள் பெயரைச் சேதுராமன் ஒரு கோடு போட்டு அடித்துவிடுவான். சட்டத்தில் எங்கோ எதுவோ எழுதியிருந்ததாகச் சொன்னார்கள்; நாள் கூலிக்காரிகள் வரை அது நடந்து வரவில்லை. பிள்ளை பெற்று ஆறு மாதம் கழித்து வருகிறவள் வாசலில் புது ஆட்களோடு வரிசையில் நிற்க வேண்டும். இடமிருந்தால் உள்ளே. இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான்.

அந்த வருடம்தான் பண்டார் ஹிலிர் திடலில் மலாய் நாட்டுக்குச் சுதந்திர நாள் அறிவிக்கப்பட்டது. கமலவேணியும் போய்த் தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து வீங்கிய காலை வெந்நீரில் விட்டபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு நாட்டுக்கே தேதி குறித்தாகிவிட்டது. ஐம்பத்திரண்டு பேருக்கு முக்காலி போட ஒரு தேதி கிடையாதா?

தொழிலாளர் சங்கத்தில் பெண்கள் பிரிவுக்கு அவள்தான் செயலாளர். முக்காலி வேண்டும், கழிவறைக்குக் கதவு வேண்டும், பிள்ளை பெறப் போகிறவளின் பெயரை அடிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். ஒன்றரை மாதம் கழித்து, மூன்று பேர் வந்து பேசலாம் என்று துரை சொல்லியனுப்பினார்.

கமலவேணிக்கு ஒரு விஷயம் நன்றாக ஞாபகமிருந்தது. முந்தின வருடம் ஆண்கள் மூன்று பேர் இதே அறையில் அப்போதிருந்த துரையிடம் பேசப் போனார்கள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். என்ன கேள்வி என்பதைக்கூட அவர்களால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அப்படி நடக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, போவதற்கு முன்னால் வீட்டிலேயே பேசிப் பார்ப்பது.

பேசிப் பார்க்க ஒரு துரை வேண்டுமே? அதற்குத் தொப்பி இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ராஜரத்தினம், பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் பேசப் பழகிவிட்ட கம்போங் செட்டிக் குடும்பத்தவர். கோயிலில் சொல்லும் தமிழ் தவிர மற்றதெல்லாம் அவருக்கு மலாய்தான். வீட்டை வாடகைக்கு விட்டபோதே சுவரில் ஒரு வெள்ளைக்காரத் தொப்பி தொங்கியது. ஜப்பான்காரன் வந்த அன்று ஒரு வெள்ளை அதிகாரி இந்தத் தெருவழியே ஓடினார் என்றும், தொப்பி தலையிலிருந்து விழுந்தது என்றும் ராஜரத்தினம் சொன்னார். கமலவேணி அதைத் தமிழாக்கிச் சொல்லும்போது, விழுந்த தொப்பி அதிகாரியைத் துரத்திக்கொண்டு தானாகவே இரண்டு தெரு ஓடி, மூச்சு வாங்கி, ஜன்னல் வழியாக இந்த வீட்டுக்குள் நுழைந்து ஆணியில் தொங்கிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்தார்கள். கமலவேணி. அவள் பக்கத்து மேசைக்காரி பூங்காவனம். மூன்றாவது மல்லிகா, இருபத்திரண்டு வயது, யாரைப் பார்த்தாலும் அவர்கள் மாதிரியே பேசிக் காட்டுகிறவள். அவள் துரை நடப்பதுபோல் நடந்து காட்டினால் பூனைகூட எழுந்து நிற்கும் என்று கிடங்கில் பேச்சு. அதனால் தொப்பி பெரும்பாலும் அவள் தலைக்குத்தான் போகும்.

சட்டம் போட்டவள் கமலவேணி. துரைக்கு என்னென்ன தெரியும் என்பதை ஒரு சீட்டில் எழுதித் தொப்பியின் உட்பக்கம் ஊசியால் குத்தி வைத்தாள். எத்தனை பெண்கள், எத்தனை டன், கப்பல் என்றைக்கு, மரவேலைக்காரன் முக்காலிக்கு என்ன கேட்பான். அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டால் சீட்டில் இருப்பது மட்டும்தான் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதால் கேட்டதெல்லாம் தொப்பி ஏறியதும் மறந்துபோக வேண்டும். ஐம்பத்திரண்டு முக்காலி கேட்டு, முடியாவிட்டால் இரண்டு பேருக்கு ஒன்று என்று இறங்கலாம் என அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அது தொப்பிக்குத் தெரியவே கூடாது.

"அப்ப தொப்பி போட்டா என் மூளைய கழட்டி வச்சிரணுமாக்கா?" என்றாள் மல்லிகா.

"ஆமா. அந்த மொளகா டப்பா பக்கத்துல வை. சின்னதுதானே, எடம் பத்தும்."

முதல் இரண்டு ஞாயிறும் ஒழுங்காகப் போனது. மூன்றாவது ஞாயிறுதான் வம்பு வந்தது.

பூங்காவனத்தின் கணவன் சுப்பையன் ஆற்றங்கரையில் படகுக்கு மூட்டை ஏற்றும்போது பலகை சறுக்கி விழுந்து, இடது கால் உடைந்து நான்கு மாதமாக வீட்டில் கிடந்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. அவளுக்கு ஐந்தாம் மாதம். சேலைக்குமேல் சுப்பையனின் பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். ரப்பர் வேலை செய்கிற பெண்கள் எல்லோருமே மேலே ஒரு சட்டை போடுவார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தெரிந்தது இரண்டே பேருக்கு: கமலவேணிக்கும், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் மல்லிகாவுக்கும்.

அன்று மல்லிகா தொப்பியைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, துரையின் குரலில் கேட்டாள்:

"பேர அடிக்கக் கூடாதுன்னு கேக்கறீங்களே, எதுக்கு? இதோ ஒக்காந்திருக்காளே பூங்காவனம், இவளுக்கு அஞ்சு மாசம். அதுக்காகத்தானே?"

பூங்காவனத்தின் கை தானாகச் சட்டையைக் கீழே இழுத்தது. கமலவேணி மேசையில் அடித்த அடியில் கோப்பிக் கிண்ணம் எழும்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, தட்டைத் தவறவிட்டு உடைந்தது. வாசலில் தேவதாஸ் நாற்காலியை இன்னும் இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

"தொப்பிக்கு அது எப்படிடி தெரியும்?"

"தெரிஞ்சிருக்கலாம்லக்கா. யாராவது சொல்லியிருக்கலாம்."

"சீட்டுல இருக்கா?"

"இல்ல."

"இல்லன்னா தெரியாது. ஒனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. ஒன் காதுல விழுந்தத அவன் வாயில ஏன் வைக்கிற?"

"கெட்டது கேட்டா எப்படிப் பதில் சொல்றதுன்னு பாக்கத்தானே..."

"பாக்க வேணாம். தொப்பியக் கழட்டு."

மல்லிகா கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். பூங்காவனம் உடைந்த கிண்ணத்தைப் பொறுக்கிக்கொண்டே, "விடுங்கக்கா, சின்னப் பொண்ணு" என்றாள். கமலவேணி விடவில்லை.

விடாதது மல்லிகாவை அல்ல. அந்தக் கேள்வியை. திங்கட்கிழமை ஷீட்டைத் தூக்கிப் பிடித்தபோது அதன் பழுப்பு வெளிச்சத்துக்குள் துரை உட்கார்ந்து, 'அவளுக்காகத்தானே?' என்று கேட்டார். கமலவேணி பதில் சொல்லிக்கொண்டே கொப்புளத்தை வெட்டினாள். செவ்வாய்க்கிழமை இன்னும் நல்ல பதில் கிடைத்தது. புதன்கிழமை அவள் முணுமுணுத்ததில் எதிர் மேசைக்காரி பயந்து ஒதுங்கி நின்றாள். வெள்ளிக்கிழமைக்குள் அவள் மனதிலிருந்த துரைக்குப் பூங்காவனத்தின் மாதக் கணக்கு மட்டுமல்ல, சுப்பையனின் கால் எந்த இடத்தில் உடைந்தது என்பதுகூடத் தெரிந்துபோயிருந்தது. நிஜத் துரை எந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை பேசியதே இல்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேரும் துரையின் அறைக்குள் போனார்கள்.

துரை சின்ன வயதுக்காரர், சீமையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மலாயும் தெரியாது, தமிழும் தெரியாது. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. பக்கத்தில் சேதுராமன் நின்றான். நாற்பத்தைந்து வயது, கழுத்துவரை பொத்தான், சட்டைப் பையில் இரண்டு பேனா. துரை சொல்வதைத் தமிழிலும் இவர்கள் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்வது அவன் வேலை. அவனைப் பெண்களுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு பெயரிலும் விழுந்த கோடு அவன் பேனாவிலிருந்து வந்தது.

முக்காலியைப் பற்றிக் கமலவேணி சொன்னாள். துரை தலையை அசைத்தார், எழுதிக்கொண்டார். கழிவறைக் கதவு. அதற்கும் எழுதிக்கொண்டார். மூன்றாவதைச் சொன்னாள். துரை பேனாவை வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

"இத ஏன் இப்ப கேக்கறீங்கன்னு துரை கேக்கறார்" என்றான் சேதுராமன்.

கேட்டது அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்ட நேரத்தில் பூங்காவனம் முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். துரையின் கண் அந்தப் பக்கம் போனது. கமலவேணியின் மூக்கு நுனி சிவந்தது. ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த பதில் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றது.

"ஏன் இப்பன்னா? தெரிஞ்சுக்கிட்டே கேக்கறாரா? பூங்காவனத்துக்கு அஞ்சு மாசம், அதுக்காகத்தான் கேக்கறோம்னு நெனக்கிறாரா? ஆமா, அவளுக்கு அஞ்சு மாசம்தான். அவ புருசன் கால ஒடச்சிக்கிட்டுக் கெடக்கான். அவ பேர அடிச்சா அந்த ரெண்டு பிள்ளைங்க என்ன தின்னும்னு அவரக் கேளுங்க."

மல்லிகா கண்ணை மூடிக்கொண்டாள். பூங்காவனம் துரையின் முகத்தைப் பார்த்தாள்.

சேதுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். பிறகு துரையிடம் திரும்பி இங்கிலீஷில் பேசினான். நிறையப் பேசினான். கமலவேணிக்குத் தெரிந்த இங்கிலீஷ், சம்பள நாளில் காதில் விழும் நாலைந்து சொல். அதை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சில் எதையும் பிடிக்க முடியவில்லை. துரை "ஆ" என்றார். எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

கிடங்கின் வாசல் தாண்டியதும் கமலவேணி மல்லிகாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒன்னால. தொப்பிய மாட்டிக்கிட்டு வாய்க்கு வந்ததப் பேசினேல்ல? அது அப்படியே நடந்துபோச்சு."

"என்னக்கா நடந்துச்சு?" மல்லிகா இந்த முறை யாருடைய குரலிலும் பேசவில்லை. "நான் தொப்பி போட்டுக்கிட்டுதான் சொன்னேன். நீங்க தொப்பியே இல்லாம சொன்னீங்க. நான் சொன்னது ஒங்க வீட்டு மேசையில லா. நீங்க சொன்னது துரை மேசையில."

"அவன் கேட்டானே! அவனுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"அவன் அதக் கேக்கல."

"அவளப் பாத்தான்!"

அப்போதுதான் பூங்காவனம் பேசினாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கமலவேணிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அவனுக்குத் தெரியாதுக்கா. நான் அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க என் வயித்தப் பத்திச் சொன்னப்ப அவன் செவத்துல பல்லியப் பாத்துக்கிட்டிருந்தான். அவனுக்கு அந்த நேரம் வரைக்கும் ஒன்னும் தெரியாது. இப்ப தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு நடந்தாள். கூட வரவேண்டாம் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

கமலவேணி நடுச் சடக்கில் நின்றாள். மல்லிகாவிடம் தான் கேட்டது அவள் காதிலேயே திரும்ப ஒலித்தது. 'ஒன் காதுல விழுந்தத அவன் வாயில ஏன் வைக்கிற?' சட்டம் போட்டது அவள். சீட்டு எழுதியது அவள். தனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு வாரமாகத் தானே அந்த ஆளின் தலைக்குள் ஏற்றி வைத்துவிட்டு, கடைசியில் அவன் கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கோபம் வேறு யாரையும் தேடிப் போக வழியில்லாமல் அவளிடமே திரும்பி வந்தது. அன்று காகங்கள் செமாபோக்கோடு நிற்காமல் ஆயர் குரோ வரை போய்விட்டன என்று சொல்வார்கள்.

சேதுராமன் அந்தப் பெயரைத் துரையிடம் சொன்னானா, இல்லையா? அது தெரியாமல் திங்கட்கிழமை வரை இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறாமல் கிளம்பி, செமாபோக்கில் சேதுராமன் வீடு இருந்த சந்துக்குப் போனாள். அவன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அவனுடைய முகமும் சிவந்திருந்தது.

"நீயே வந்துட்டியா? நல்லதாப் போச்சு. நான் வந்திருந்தா தெரு கூடியிருக்கும்."

"துரைகிட்ட என்ன சொன்னீங்க?"

"அதக் கேக்க ஒனக்கு என்னம்மா யோக்கியதை இருக்கு? பதினேழு வருசமா மாத்திச் சொல்ற வேல பாக்கறேன். ஜப்பான்காரன் காலத்துல கழுத்துல கத்தி வச்சிருந்தப்பகூட ஒரு சொல்லக் கூட்டினதில்ல, ஒரு சொல்லக் கொறச்சதில்ல. நான் ஒரு கொழாய். இந்தப் பக்கம் ஊத்தினது அந்தப் பக்கம் வரும். கொழாய் நடுவுல குடிக்காது. நேத்து ஒன்னால குடிச்சிட்டேன்."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"சொல்லல. அந்தப் பொண்ணு பேரு, மாசம், ஒன்னையும் சொல்லல."

கமலவேணி ஓரடி முன்னால் வந்தாள். "பின்ன அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"

"என்னத்தப் பேசினேன்! வாயத் திறந்தாச்சு, ஏதாவது வரணுமே. நின்னு நின்னு பொம்பளைங்களுக்குக் கால் வீங்கி, கை நடுங்கி, நல்ல ஷீட்டையும் சேத்து வெட்டறாங்க, பழகின கை திரும்பி வந்தா நஷ்டம் கொறையும், அதான் இப்ப கேக்கறாங்கன்னு சொன்னேன்."

"நான் அதச் சொல்லவே இல்லையே."

"தெரியுது. அதனாலதான் ராத்திரி பூரா தூக்கம் இல்ல. நீ சொல்லியிருக்க வேண்டியத நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதுக்கா எனக்குச் சம்பளம்?"

அவன் எண்ணெய்த் துணியை உதறினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"கேட்டுக்க. அந்த ரூமுல நின்னது மாத்திச் சொல்றவன். அவன் காதுல விழுந்தது அவனோட இருக்கும். நாளைக்குப் பட்டியலத் திறக்கறவன் கெராணி. கெராணிக்கு ஒன்னும் தெரியாது. ஆனா ஏழாம் மாசம் கெராணிக்கும் கண்ணு இருக்கு. அவ வயிறு என் மேசைக்கு முன்னால வந்து நின்னா நான் கோடு போட்டுத்தான் ஆகணும். இல்லன்னா என் பேருல கோடு விழும். அதுக்குள்ள ஏதாவது பண்ணிக்கங்க."

அவள் நன்றி சொல்லவில்லை. வழியெல்லாம் பற்களைக் கடித்துக்கொண்டு நடந்தாள். ஒரே உடம்புக்குள் இரண்டு பேரை வைத்து, நடுவில் சுவர் கட்டி, ஒருவனுக்குத் தெரிந்ததை மற்றவனுக்குத் தெரியாமல் காக்க முடிகிறது அந்தக் கோடு போடுகிறவனால். அவள் வீட்டு மேசையில் அவள் போட்ட சட்டம் அது. அதை அவளைவிட ஒழுங்காக அவன் நடத்துகிறான். அவன் திட்டியதுகூட அவ்வளவு எரியவில்லை. இதுதான் எரிந்தது.

நேராக மல்லிகா வீட்டுக்குப் போனாள். தொப்பியை அவள் கையில் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கன்னு சொல்ல எனக்கு வராது" என்றாள். "இதப் போட்டுக்க. இனிமே என்ன வேணாலும் கேளு. நீ கேட்டதுக்கு மட்டும்தான் நான் பதில் சொல்லணும். கேக்காததுக்குச் சொன்னா ஒரு மொளகா."

மிளகாய் என்றால் சாதாரண மிளகாய் இல்லை. விரல் நகமளவு சிலி பாடி. முதல் ஞாயிறு கமலவேணி ஏழு கடித்தாள். அன்று அவள் ஊதிய ஊதலில் அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது என்று தேவதாஸ் நகராண்மைக் கழகம் முழுக்கச் சொல்லிவைத்தான். அடுத்த வாரம் நாலு. அதற்கடுத்த வாரம், தொப்பிக்குள்ளிருந்து மல்லிகா கமலவேணியின் அம்மாவைப் பற்றி, அவளுடைய நடையைப் பற்றி எல்லாம் என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். கமலவேணி கடித்தது ஒன்றே ஒன்றுதான்.

பூங்காவனம் வந்து உட்கார்ந்தாள். மூன்று பேரில் ஒருவர் மாறினால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் வந்தாள். வேலையிலும் சரி, மேசையிலும் சரி, கமலவேணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரி வேண்டுமென்றால்கூட மல்லிகாவிடம் சொல்லி வாங்கினாள். சுப்பையனின் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை ஏறியது.

துரையின் பதில் வந்தது. முக்காலி இரண்டு பேருக்கு ஒன்று. கதவு வந்துவிட்டது. மூன்றாவதைப் பற்றி மறுபடி பேசலாம் என்று ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார்கள். அன்று பூங்காவனத்துக்கு ஆறாம் மாதம் முடிய நாலு நாள் இருந்தது.

அதே அறை, அதே மேசை. துரை உற்சாகமாக இருந்தார். பழகின கை என்று போன தடவை சொன்னது தனக்குப் பிடித்திருந்தது என்றார். சேதுராமன் அதைத் தமிழில் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தாள் தயாராக இருந்தது. பிள்ளை பெறப் போகிறவள் சங்கத்தின் மூலம் எழுதிக் கொடுத்தால் பெயர் அடிக்கப்படாது. மூன்று மாதம் கழித்து அதே மேசைக்கு வரலாம். துரை பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தி, ஏதோ கேட்டார்.

சேதுராமனின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குழாய் போலவே வந்தது.

"இது இனிமே எழுதிக் கொடுக்கறவங்களுக்குத்தான். ஏற்கனவே அப்படி யாராவது இருந்தா அவங்களுக்குப் பொருந்தாது. அப்படி இப்ப யாராவது இருக்காங்களா, சங்கத்துக்குத் தெரிஞ்சு, அப்படின்னு துரை கேக்கறார்."

பூங்காவனத்தின் முழங்கை கமலவேணியின் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கமலவேணியின் மூக்கு நுனி சிவந்தது. ஏற்கனவே இருப்பவளுக்குப் பொருந்தாதாம். அவள் மட்டும் என்ன பாவம் செய்தாள் என்று கேட்க நாக்கு எழுந்தது. சட்டமும், சுப்பையனின் காலும், இரண்டு பிள்ளைகளின் பசியும் வரிசையாக வாய்க்கு வந்தன. நாக்கின் நடுவில் ஒரு சிலி பாடி இருப்பதுபோல் எரிந்தது. அதை அப்படியே கடித்துக்கொண்டாள்.

அவர் கேட்டது அவளை இல்லை. பக்கத்து மேசைக்காரியாக அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. சங்கத்தைக் கேட்டார். சங்கம் என்பது ஒரு கோப்பு, அதில் சில தாள்கள்.

"இதுவரைக்கும் சங்கத்துக்கு யாரும் எழுதிக் கொடுக்கல" என்றாள்.

அதற்குமேல் ஒரு சொல் இல்லை. மல்லிகா தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேதுராமன் இங்கிலீஷில் சொன்னான்; இந்த முறை எவ்வளவு நீளமாக இவள் சொன்னாளோ அவ்வளவே நீளம். துரை அவனிடம் இன்னொன்று கேட்டார். அவன் கக்கத்திலிருந்த பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இல்லை என்று தலையசைத்தான். துரை கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து வாசல் மரத்தடியை அடைந்ததும் பூங்காவனம் சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். வெறும் காகிதம். மல்லிகா முதுகை வளைத்துக் கொடுத்தாள். அந்த முதுகின்மேல் வைத்து, பென்சிலால், தமிழ்ப் பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில் நாலு வரி எழுதி, கமலவேணியிடம் நீட்டினாள்.

கமலவேணி வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். தலையைத் தூக்கினாள். முகத்தில் அப்படியொரு ஆச்சரியம்.

"ஒனக்கா? எத்தனாவது மாசம்?"

பூங்காவனம் அவளை முறைத்தாள். ஒரு மாதத்துக்கும் மேலாகச் சேர்ந்திருந்ததெல்லாம் அந்தக் கண்ணில் இருந்தது.

"ஒரு படி மொளகா வாங்கிட்டு வந்திருக்கணும்" என்றாள். "ஒங்க வாயில கொட்டி மேல ஒரு தையல் போட்டிருக்கணும். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னும் கோவம் போகலக்கா. போகவும் போகாது."

"போக வேணாம்" என்றாள் கமலவேணி. "பேசு, போதும்."

மூவரும் திரும்பிக் கிடங்குக்குள் போய், கெராணியின் மேசையில் காகிதத்தை வைத்தார்கள். சேதுராமன் நிமிர்ந்து பூங்காவனத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தான். இரண்டு முறை படித்தான். பிறகு அதைத் திருப்பி அவர்கள் பக்கமே தள்ளினான்.

கமலவேணியின் மூக்கு சிவக்க ஆரம்பித்தது. "இப்ப என்ன?"

"தேதி மட்டும் போட்டா எப்படி?" என்றான் சேதுராமன், பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே. "துரை கையெழுத்துப் போட்டது பத்து இருபதுக்கு. இது அதுக்கப்புறம் வந்ததுன்னு தெரிய மணியையும் எழுதச் சொல்லு. பத்து நாப்பது."